ஊழியனா, எசமானனா? இல்லத்தில் தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி



மாலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டை ஆள்பவர் யார்? தந்தையா, தாயா, வயதில் மூத்த பாட்டியா? மனச்சான்றைத் தொட்டுப் பதில் கூறின், பல இல்லங்களில் அவ்வேளையின் ஆட்சி கூடத்து மூலையில் ஒளிவீசும் தொலைக்காட்சியிடமே இருப்பது புலனாகும். அடுப்பை எப்போது இறக்குவது, பிள்ளைகள் எப்போது உண்பது, குடும்பச் செபமாலையை எப்போது தொடங்குவது என்பவற்றையெல்லாம், எங்கோ ஒரு நகரத்தில் அமர்ந்து நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் ஒருவர் தீர்மானிக்கிறார். அவரை நாம் அறியோம். அவரும் நம்மை அறியார்.

இவ்வாட்சியினின்று இல்லத்தை விடுவிக்கும் எனக் கூறி விற்கப்பட்ட கருவி ஒன்று உண்டு. ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை உடனுக்குடன் தன்னுள் எழுதி வைத்து, நாம் விரும்பும் வேளையில் திரும்பக் காட்டும் பதிவுப் பெட்டியே அது. ஆங்கில முதலெழுத்துகளால் அதனை டி.வி.ஆர். என்பர். நம் பக்கத்துக் கடைகளில் டி.வி.ஆர். என்று கேட்டால், கண்காணிப்புக் கேமராவின் படத்தைச் சேமிக்கும் பெட்டியையே எடுத்து வைப்பர். பெயர் ஒன்றே ஆயினும் பணி வேறு. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது, டிஷ் அல்லது கேபிள் இணைப்போடு சேர்ந்து இயங்கும் வீட்டுப் பதிவுப் பெட்டியை.

உத்திரமேரூரிலும் அதனைச் சூழ்ந்த ஏரிக்கரைச் சிற்றூர்களிலும் இக்கருவியை விலை கொடுத்து வாங்கியோர் சிலர். வேறு சில இல்லங்களில், செட்டாப் பெட்டியின் ஒரு வசதியாக, வீட்டாருக்கே தெரியாமல் அது உறங்கிக் கிடப்பதும் உண்டு. இதனால் குடும்பத்துக்கு நன்மையா, தீமையா? இத்திங்கள் அதனை ஆராய்வோம்.

கடிகாரத்தின் பிடியில்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அக்காலத்தில் ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தால் அதுவே பெரிது. உயர்ந்த கம்பத்தின் உச்சியில் அலைவாங்கியைக் கட்டி, ஒருவர் மாடியில் நின்று திருப்ப, மற்றொருவர் கீழிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" எனக் கூவ, புள்ளி மழைக்கு நடுவே படம் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்கு அக்கம்பக்கத்தார் அனைவரும் அவ்வீட்டுத் திண்ணையில் திரண்டனர். அந்த வேளையைத் தவறவிட்டோர் தவறவிட்டவரே. மறுபடி காணும் வழி இல்லை.

1987 சனவரி 25-ஆம் நாள் தூர்தர்சன் 'இராமாயணம்' தொடரை ஞாயிறு காலையில் ஒளிபரப்பத் தொடங்கியபோது இந்தப் பிடியின் வலிமையை நாடு முழுவதும் கண்டது. அத்தொடர் நடைபெறும் வேளையில் வடநாட்டு ஊர்களின் வீதிகள் வெறிச்சோடின. ஞாயிறு காலைத் திருப்பலிக்குச் செல்லும் குடும்பத்தார் அதனைக் காண இயலாது. காண விரும்பினாலோ, வழிபாட்டு வேளையை மாற்றிக்கொள்ள வேண்டும். நிகழ்ச்சி எவருக்காகவும் காத்திராது. மனிதரே அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

நிகழ்ச்சியைக் காத்திருக்கச் செய்யும் கருவி அதற்கு முன்பே உலகில் வந்துவிட்டது. ஜப்பானின் சோனி நிறுவனம் 1975-இல் பீட்டாமேக்ஸ் நாடாப் பதிவுக் கருவியையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் வி.எச்.எஸ். கருவியையும் வெளியிட்டன. வீட்டில் இருந்தவாறு ஒளிபரப்பைப் பதிவு செய்வது திருட்டாகுமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பின்னர்ப் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமன்று என்று 1984 சனவரி 17-ஆம் நாள் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமும் நின்றனர். இழையளவு வேறுபாட்டில் கிடைத்த உரிமை அது.

நம் ஊர்களுக்கு அக்கருவி 'டெக்' என்னும் பெயரோடு வந்தது. எனினும் நாம் அதனைக் கையாண்ட விதம் வேறு. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் தொலைக்காட்சியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, நான்கைந்து திரைப்பட நாடாக்களை அடுக்கி, விடிய விடியப் பார்த்தோம். அது நமக்குச் சிறிய திரையரங்காயிற்று. நிகழ்ச்சியை நம் வேளைக்குக் காத்திருக்க வைப்பது என்னும் அதன் முதற் பயனை நம்மில் மிகச் சிலரே அறிந்தோம்.

நாடாவுக்குப் பதிலாகக் கணிப்பொறி வட்டில் பதிவு செய்யும் பெட்டிகள் 1999-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் புகழ்பெற்றது டிவோ. நம் நாட்டில் 2008-இல் டாட்டா ஸ்கை நிறுவனம் 'டாட்டா ஸ்கை பிளஸ்' என்ற பதிவுப் பெட்டியைக் கொண்டுவந்தது. அந்நிறுவனமே 2022-இல் டாட்டா பிளே எனப் பெயர் மாறியது. டிஷ் டி.வி. போன்ற பிற நிறுவனங்கள், வெளி வட்டு ஒன்றைச் செருகிப் பதிவு செய்துகொள்ளும் பெட்டிகளையும் அளித்தன.

கேபிள் இணைப்பு வைத்திருந்த எளிய இல்லங்களுக்கு இவ்வசதி எட்டச் சிறிது காலம் பிடித்தது. தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் இணைப்பு வழங்கியபோது வந்தது பழைய முறை ஒளிபரப்பு. அதற்குப் பெட்டி தேவைப்படவில்லை. சிற்றூர்களிலும் பழைய முறையை நிறுத்துவதற்கு நடுவண் அரசு குறித்த இறுதி நாள் 2017 மார்ச் 31. அவ்வாண்டு செப்டம்பர் முதல் அரசு கேபிள் நிறுவனம் செட்டாப் பெட்டிகளை விலையின்றி வழங்கத் தொடங்கிற்று. எண்முறைப் பெட்டி வீட்டுக்குள் வந்த பின்னரே, அதில் பதிவு செய்யலாமா என்ற கேள்வியும் நம் ஊர்களில் எழுந்தது.

பெட்டியின் உள்ளே நடப்பது

இக்கருவி இயங்கும் முறையை அறிந்துகொள்வது கடினமன்று. துணைக்கோளிலிருந்தோ கேபிள் வழியாகவோ நம்மை வந்தடைவது படமன்று. சுழியும் ஒன்றுமாகிய எண்களின் ஓடை. அவ்வோடை, கட்டணம் செலுத்தாதோர் படிக்க இயலாதவாறு பூட்டப்பட்டும் இருக்கும். சாதாரணப் பெட்டி அப்பூட்டைத் திறந்து, எண்களைப் படமாக்கி, உடனே திரைக்கு அனுப்பிவிடுகிறது. பதிவுப் பெட்டியோ, அவ்வெண்களை வட்டில் எழுதி வைத்து, கேட்கும்போது படமாக்கித் தருகிறது. எனவே பதிவான படம் நேரடிப் படத்தைப் போன்றே தெளிவாக இருக்கும். பழைய நாடாவைப் போல் பிரதி எடுக்க எடுக்க மங்குவதில்லை.

வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும்? சாதாரணத் தெளிவுள்ள ஓடை நொடிக்கு 3 மெகாபிட் எனக் கொண்டால், ஒரு மணி நேர நிகழ்ச்சி ஏறத்தாழ 1.35 கிகாபைட் ஆகும். உயர் தெளிவுள்ள ஓடை நொடிக்கு 8 மெகாபிட் எனின், மணிக்கு 3.6 கிகாபைட். ஆகவே 32 கிகாபைட் பென்டிரைவில் சாதாரண நிகழ்ச்சிகள் இருபது மணி நேரத்துக்கு மேல் அடங்கும். 500 கிகாபைட் வட்டில் முந்நூறு மணி நேரத்தைத் தாண்டும். முந்நூறு மணி என்பது, நாளொன்றுக்கு இரண்டு மணி பார்ப்பவருக்கு ஐந்து மாதத் தீனி! இதனை நினைவில் வையுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொண்டே மற்றொன்றைப் பார்க்க வேண்டுமெனில், பெட்டிக்குள் இரண்டு அலைவாங்கும் உறுப்புகள் இருத்தல் வேண்டும். ஒன்று மட்டுமே உள்ள பெட்டியில், பதிவாகும் நிகழ்ச்சியையே பார்க்க நேரிடும். நேரடி நிகழ்ச்சியை நடுவில் நிறுத்திவைத்து, வாசலில் வந்தவரிடம் பேசிவிட்டுத் தொடர்வதும் உண்டு. அப்போது பெட்டி தன் போக்கில் எழுதிக்கொண்டே இருக்கும்; நாம் சில நிமிடம் பின்தங்கியவாறு பார்த்துக்கொண்டிருப்போம்.

பதிவான எண்கள் பூட்டிய நிலையிலேயே வட்டில் கிடப்பதால், பெரும்பாலும் அந்தப் பெட்டி ஒன்றே அவற்றைத் திறக்கவல்லது. வட்டைக் கழற்றிக் கணிப்பொறியில் இட்டால் ஒன்றும் தெரியாது. பெட்டி பழுதானால் பதிவும் அதனுடன் போகும். கட்டணம் நின்றால், பதிவான நிகழ்ச்சியும் ஓடாது போகலாம். ஆகவே உங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவை ஏதேனும் தொலைக்காட்சி ஒளிபரப்பியது, அதில் நம் பிள்ளை பாடினாள் என்று இப்பெட்டியில் போற்றி வைப்பது மணலில் எழுதி வைப்பதற்கு ஒப்பாகும். நிலையாகக் காக்க வேண்டியவற்றை ஒளிபரப்பாளரிடம் கேட்டுப் பெறுவதே முறை.

காத்திருக்கும் நிகழ்ச்சி

இனி, இக்கருவியால் இல்லத்துக்கு விளையும் நன்மைகளைக் காண்போம். அவை சிறியவையல்ல.

நம் வட்டத்துச் சிற்றூர்களிலிருந்து ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு நிறுவனப் பேருந்துகளில் செல்லும் இளைஞரும் இளம்பெண்களும் பலர். ஒரு வாரம் பகல் வேலை, மறுவாரம் இரவு வேலை. அவர்கள் வீட்டில் இருக்கும் நேரம் ஒவ்வொரு வாரமும் மாறும். குடும்பம் கூடிச் சிரித்துப் பார்க்கும் நல்ல நிகழ்ச்சி ஒன்று அவர்களுக்கு மட்டும் இல்லை என்பது சிறு வருத்தமன்று. அந்நிகழ்ச்சி பெட்டிக்குள் காத்திருந்து, விடுமுறை நாளில் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து பார்க்கக் கூடுமெனில், அங்கே கருவி குடும்பத்துக்கு ஊழியம் செய்கிறது. நாற்று நடவுக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்பும் தாய்க்கும், தறியில் அமர்ந்தவருக்கும் இது பொருந்தும்.

கல்வியிலும் இதன் பயன் வெளிப்பட்டது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டு கொரோனா நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் வகுப்புவாரியாகக் குறித்த வேளைகளில் அதில் ஒளிபரப்பாயின. வீட்டில் ஒரே தொலைக்காட்சி. பெற்றோர் வேலைக்குச் சென்றிருப்பர். மின்சாரமும் இடையில் நிற்கும். அத்தகைய இல்லத்தில், தவறிய பாடத்தை மாலையில் தாயின் அருகமர்ந்து மறுபடி பார்க்கவும், புரியாத கணக்கை நிறுத்தி எழுதிக்கொள்ளவும் பதிவுப் பெட்டி உதவவல்லது. அதே பாடங்கள் இணையத்திலும் கிடைத்தன என்பது உண்மையே. ஆயினும் நல்ல கைபேசியும் இணையத்துக்கான பணமும் இல்லாத வீட்டில், ஏற்கெனவே மாதக் கட்டணம் செலுத்திய தொலைக்காட்சியே கைகொடுக்கும்.

விளம்பரங்களைத் தாண்டிச் செல்லும் வசதி மற்றொன்று. ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது நம் நாட்டுக் கேபிள் தொலைக்காட்சி விதி. அவ்வளவே என்று கொண்டாலும், ஒரு மாலையில் இரண்டரை மணி நேரம் தொடர் பார்க்கும் இல்லத்தில் அரை மணி விளம்பரத்துக்கே போகிறது. சிறு பிள்ளைகள் "அது வேண்டும், இது வேண்டும்" என்று அடம்பிடிக்கக் கற்பது பெரும்பாலும் அந்த அரை மணியில்தான். அதனைத் தாண்டிவிட்டால் காலமும் மிச்சம், காசும் மிச்சம்.

நோயாளிகளையும் எண்ணிப் பார்ப்போம். அசிசி நகரப் புனித கிளாரம்மாள் நோயுற்றுப் படுக்கையில் கிடந்ததால் கிறிஸ்து பிறப்புத் திருநாளின் நள்ளிரவு வழிபாட்டுக்குச் செல்ல இயலவில்லை. அவ்வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது வரலாறு. அதனாலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958-இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். படுக்கையில் உள்ள முதியோர் தொலைக்காட்சித் திருப்பலியில், அது நிகழும் வேளையிலேயே உடனிருந்து செபிப்பது மேலானது. மறையுரையை அமைதியாய் மறுபடி கேட்க விரும்பினால் பதிவு உதவும்.

இதிலிருந்து ஒரு பொது விதியையும் பெறலாம்: சிலவற்றைப் பின்னர்ப் பார்க்கலாம், சிலவற்றை அப்போதே பார்த்தல் வேண்டும். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரை கடந்து நம் மாவட்டத்தையும் உலுக்கியதை எவரும் மறந்திரார். அத்தகைய நாளில் நேரடி ஒளிபரப்பை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர், அரை மணிக்கு முந்தைய எச்சரிக்கையையே இப்போதைய எச்சரிக்கை எனக் கருதி ஏமாறுவர். ஏரி நிலவரமும் புயல் செய்தியும் வரும்போது, பெட்டி நேரடியில் உள்ளதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கிரிக்கெட் ஆட்டத்தைப் பதிவு செய்து வைப்பதும் வீண். நீங்கள் திறந்து பார்க்கும் முன் தெருவே முடிவைச் சொல்லிவிடும்.

எசமானனாக மாறும் விதம்

நன்மைகள் இவ்வளவு இருக்க, அச்சம் எதற்கு எனலாம். அச்சம், சற்று முன் கூறிய அந்த முந்நூறு மணி நேரத்தைப் பற்றியது.

முன்பெல்லாம் உறவினர் வீட்டுத் துக்கத்துக்குச் சென்றால் அன்றைய தொடர் தவறிவிடும். தவறியது தவறியதே. மறுநாள் குழாயடியில் அண்டை வீட்டு அக்காளிடம், "நேற்று என்ன ஆச்சுக்கா?" என்று கேட்டால் இரண்டே நிமிடத்தில் முழுக் கதையும் வந்துவிடும். அரை மணித் தொடருக்கு இரண்டு நிமிடம்! அத்துடன் அக்காளின் நலத்தையும் விசாரித்தாயிற்று. தவறவிடுவது ஒருவகை விடுதலையாக இருந்தது.

பதிவுப் பெட்டி வந்த இல்லத்தில் எதுவும் தவறுவதில்லை. தொடர் முழுவதையும் தானே பதிவு செய்யுமாறு ஒரு முறை கட்டளையிட்டால், பெட்டி வாரத்துக்கு ஐந்து, ஆறு பகுதிகளாகச் சேர்த்துக்கொண்டே இருக்கும். மூன்று நாள் திருமணத்துக்குப் போய்வந்தால், மூன்று நாள் தொடர்களும் வரிசையில் நின்று வரவேற்கும். நேரடி நிகழ்ச்சியும் பார்க்க வேண்டும். நிலுவையும் தீர்க்க வேண்டும். வட்டிக் கடனைப் போல் அது வளரும். ஒன்பது மணிக்கு உறங்கிய வீடு பதினொரு மணிக்கும் விழித்திருக்கும். கடிகாரத்தின் பிடியினின்று விடுபட்டோம் என்று மகிழ்ந்தவர், இப்போது எல்லை என்பதே இல்லாத மாலையைப் பெற்றிருப்பர். ஒளிபரப்பாளரின் நிகழ்ச்சி நிரலுக்காவது ஒரு முடிவு உண்டு. வட்டில் குவிந்ததற்கு முடிவு இல்லை.

இரண்டாவது தீங்கு, தனித்தனியாகப் பிரிதல். அன்று திண்ணையில் கூடிப் பார்த்தோர் ஒரே காட்சியில் சேர்ந்து சிரித்தனர். இன்று அப்பா உறங்கியபின் மகன் ஒன்றையும், மருமகள் சமையல் முடித்தபின் மற்றொன்றையும் பார்க்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் ஒரே பெட்டி; ஆயினும் கூட்டம் இல்லை. கைபேசி இதனை மேலும் விரைவுபடுத்திவிட்டது. இன்று இணையத்தில் எந்நிகழ்ச்சியையும் எவ்வேளையும் காணலாம் என்பதால், ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு பதிவுப் பெட்டி இருக்கிறது எனலாம். ஆகவே டி.வி.ஆர். இல்லாத வீட்டாரும் இக்கட்டுரை தமக்கன்று என எண்ண வேண்டா.

1994-ஆம் ஆண்டு உலகச் சமூகத் தொடர்பு நாளுக்குத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் எடுத்துக்கொண்ட பொருள், தொலைக்காட்சியும் குடும்பமும் என்பதே. பிள்ளைகளுக்கு நல்ல பார்வைப் பழக்கத்தை ஊட்டுவது சில வேளைகளில் பெட்டியை அணைத்துவிடுவதிலேயே அடங்கும். செய்வதற்கு அதனினும் மேலான பணி இருக்கலாம், வீட்டில் உள்ள மற்றவரின் நலம் அதனைக் கேட்கலாம் என்ற கருத்தை அவர் அதில் வலியுறுத்தினார். பதிவு செய்யும் வசதி இந்த அறிவுரையை எளிதாக்குகிறது. அணைத்தால் நிகழ்ச்சி போய்விடும் என்ற சாக்கு இனி எவருக்கும் இல்லை. விருந்தினர் வந்தார், அணைக்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்க அமர்ந்தாள், அணைக்கலாம். செபவேளை வந்தது, அணைக்கலாம். நிகழ்ச்சி காத்திருக்கட்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டும் நம் வீடும்

நம் ஊருக்கு உலகப் புகழைத் தந்தது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், ஊர்ச் சபை தன் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை அதில் பொறித்து வைத்தது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு ஓராண்டுக் காலமே பதவி. கடந்த மூன்றாண்டுகளுக்குள் பதவி வகித்தவர் மீண்டும் வர இயலாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமே இல்லை.

அச்சபையாரிடமும் இருந்தது சுவரளவு இடமே. அதில் எதனை எழுதுவது என்று ஆராய்ந்து, தலைமுறைகளுக்கு வேண்டியதை எழுதினர். நம் வட்டிலும் இடம் அளவானது. அதனினும் அளவானது நம் மாலைப் பொழுது. ஆகவே அவர்களிடமிருந்து மூன்று விதிகளை நம் வீட்டுக்குக் கடன் பெறுவோம்.

முதலாவது, குடவோலை. ஞாயிறு மதிய உணவுக்குப்பின் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும், அடுத்த வாரத்துக்குத் தாம் விரும்பும் நிகழ்ச்சி ஒன்றைச் சிறு தாளில் எழுதி ஒரு சொம்பில் இடட்டும். வீட்டின் கடைக்குட்டி மூன்று சீட்டுகளை எடுக்கட்டும். அம்மூன்று மட்டுமே அவ்வாரம் பதிவாகட்டும். பாட்டியின் விருப்பத்துக்கும் பேரனின் விருப்பத்துக்கும் ஒரே மதிப்பு. இன்று பல வீடுகளில் ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவரே அரசர். அவ்வழக்கம் இதனால் ஒழியும்.

இரண்டாவது, ஓய்வு விதி. இவ்வாரம் சீட்டு விழுந்தவர் அடுத்த வாரம் எழுதாது விலகி நிற்கட்டும். விட்டுக்கொடுப்பதைப் பிள்ளைகள் சொல்லிக் கற்பதில்லை, செய்து கற்கின்றனர்.

மூன்றாவது, கணக்கு. மாத முடிவில் பதிவுப் பட்டியலைத் திறந்து, எத்தனை மணி நேரம் சேர்ந்தது, எத்தனை மணி நேரம் பார்த்தோம் என்று எண்ணுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒருவரும் பார்க்காததைத் தயங்காது அழித்துவிடுங்கள். பார்க்காமல் அழிப்பது இழப்பன்று. அது உண்மையில் தேவைப்படவில்லை என்பதை அந்த இரண்டு வாரமே காட்டிவிட்டது. தொடர் முழுவதையும் தானே பதிவு செய்யும் வசதியைக் கூடுமானவரை பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் நாமே தேர்ந்து பதிவு செய்வதில் சிறு தொல்லை உண்டு. அத்தொல்லையே வேலியாக நின்று காக்கும்.

வாங்குவோர் கவனத்துக்கு

முதலில் உங்கள் வீட்டிலுள்ள பெட்டியையே ஆராயுங்கள். முகப்பிலோ பின்புறத்திலோ பென்டிரைவ் செருகும் துளை இருக்கக்கூடும். துளை இருப்பதனாலேயே பதிவாகும் என்பதில்லை. சில இணைப்பாளர்கள் அவ்வசதியைத் திறந்துவிடுவதில்லை. கேபிள்காரரிடமோ டிஷ் நிறுவனத்தின் உதவி எண்ணிலோ கேட்டு அறியுங்கள். அவ்வாறாயின் ஒரு பென்டிரைவின் விலையோடு காரியம் முடியும்.

வெளி வட்டை இணைப்பதாயின், அதற்குப் பெட்டியின் மின்சாரம் போதுமா எனப் பாருங்கள். போதாவிடின் பதிவு நடுவில் அறுபடும். பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நிமிடம் கூட்டி வையுங்கள். நிகழ்ச்சிகள் குறித்த நேரத்துக்குத் தொடங்குவது அரிது. பதிவாகும்போது மின்சாரம் நின்றால் எஞ்சிய பகுதி கிட்டாது. சுழலும் வட்டுக்கும் அது கேடு. இன்வர்ட்டர் உள்ள வீட்டில் பெட்டியையும் அதில் சேர்த்துவிடலாம். இடி மின்னல் வேளையில் மின் இணைப்போடு டிஷ் கம்பியையும் கழற்றிவிடுங்கள். பெட்டியின் மேல் துணி போர்த்துவதும் பூச்சாடி வைப்பதும் வேண்டா. வெப்பம் வெளியேற வழியின்றி வட்டு விரைவில் பழுதாகும்.

பிறர் பயன்படுத்திய பெட்டியை மலிவு என்று வாங்குமுன், உங்கள் பெயரில் இணைப்புத் தருவார்களா என்று நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். ஒரு நிறுவனத்தின் பெட்டியைப் பொதுவாக மற்றொரு நிறுவன இணைப்பில் பயன்படுத்த இயலாது. குழந்தைகள் காணத்தகாத நிகழ்ச்சிகளுக்கு இரகசிய எண்ணால் பூட்டுப் போடும் வசதி பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. முதல் நாளே அதனைச் செய்யுங்கள். எண்ணைப் பிள்ளையின் பிறந்தநாளாக வைக்காதீர்கள்!

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்தப் பயனுக்கான நேர்மையான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. நம் வீட்டார் பின்னர்ப் பார்க்கப் பதிவு செய்வது ஒன்று. பதிவு செய்த திரைப்படத்தைக் காசு பெற்றுத் தெருவில் காட்டுவதும் கைபேசி வழியே ஊருக்கெல்லாம் பரப்புவதும் வேறு. பிறர் உழைப்பின் பயனை மதிப்பது கிறிஸ்தவக் கடமையும் ஆகும்.

இத்திங்கள் செய்யவேண்டியது

கருவி வாங்கியோரும் வாங்காதோரும் இத்திங்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். வாரத்தில் ஐந்து மாலைகள், ஏழு மணி முதல் எட்டு மணி வரை பெட்டியை அணைத்து வையுங்கள். பதிவு வசதி உள்ளோர் அவ்வேளை நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொள்ளலாம், இல்லாதோர் தவறவிடலாம். அந்த ஒரு மணி நேரத்தில் செபமாலை முடிந்து, பிள்ளைகளின் பாடத்தைக் கேட்டு, சேர்ந்து உண்ணவும் நேரம் எஞ்சுவதைக் காண்பீர்கள். மாத முடிவில், பதிவு செய்தவற்றுள் எதனை உண்மையாகவே பார்க்க விரும்பினீர்கள் என்று வீட்டாரோடு அமர்ந்து எண்ணுங்கள். அப்பட்டியல் மிகக் குறுகியதாக இருக்குமாயின், பதிவுப் பெட்டி உங்கள் வீட்டுக்கு ஏற்ற ஊழியன், ஐயமின்றி வைத்துக்கொள்ளலாம். நீண்டதாக இருக்குமாயின், அதனை வாங்கும் எண்ணத்தை இன்னும் சிறிது காலம் ஒத்திவைப்பதே நலம்.